சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கச் சொன்ன எல்.இளையபெருமாள்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் நாம், அவ்வழக்குகளுக்கான சட்டங்களுக்கு வழி வெட்டியவர்களுள் ஒருவர் இம்மண்ணின் மைந்தர் என்பதை மறந்துவிடலாகாது. அவர் எல்.இளையபெருமாள்.

இவ்வூர்களும் கடலூர், சிதம்பரமும் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் 1924இல் பிறந்தார். பள்ளியில் தலித் மாணவர்களுக்கெனத் தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் உடைத்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. 1952இல் கடலூர், 1957இல் சிதம்பரம், 1962இல் திருக்கோவிலூர் எனக் காங்கிரஸ் சார்பில் முதல் மூன்று மக்களவைகளிலும் இடம்பெற்றார்.

தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது. அச்சட்டத்தின்படி குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ள இடமிருந்தது. நிலமும் கூலியும் எவர் கையில் இருந்தனவோ, அவர்கள் விருப்பப்படியே சமரசமும் அமையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்தாண்டு கழித்து, 1965இல், தீண்டாமை நிலையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவுக்கு இளையபெருமாள் தலைவரானார். குழுவின் அறிக்கை 1969 ஜனவரியில் அளிக்கப்பட்டது. கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டு அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையை முன்வைத்தே தமிழக அரசு 1970இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது; ஆயினும் நியமனத்தில் ஆகமத்துக்கு இடம் வைத்தது. 1955 சட்டமும் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. சமரசத்துக்கான வழி அடைக்கப்பட்டது. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்பட்டார்.

இரண்டே ஆண்டுகளில், 1978இல், விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் படுகொலையைத் தடுக்கப் போதாது என்பது விளங்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வர 1989 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், 1980இல் எழும்பூர் சட்டமன்ற உறுப்பினர் என்று பொறுப்புகள் வகித்த இளையபெருமாள், பின்னர் மனித உரிமைக் கட்சியையும் நடத்தினார். 2005இல் மறைந்தார். பதவிகளைவிட அந்த அறிக்கையே அவருடைய பெரும்பணி. ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே, அரசின் சட்டம் ஊரளவில் தோற்றதைப் பதிவுசெய்தவர் அவர்.

புகாரை வாங்க மறுக்கும் அதிகாரியும், சமரசம் பேச வரும் ஊர்ப் பெரியவரும் இன்றும் இருக்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் அவ்வறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் கோருவது, இளையபெருமாள் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே.