சிங்கப்பூர் வர்த்தகர் நாராயண பிள்ளை

கடல் கடந்து சென்று அந்நிய தேசத்தில் தொழில் தொடங்கக் கருதும் நம் இளைஞர்கள், கைம்முதல் எவ்வளவு வேண்டும் என்பதையே முதற்கண் விசாரிக்கின்றனர். கைம்முதலினும் இன்றியமையாதது ஒன்றுண்டு என்பதை நாராயண பிள்ளையவர்களின் சரித்திரம் நன்கு புலப்படுத்துகின்றது.

தமிழரான பிள்ளையவர்கள், 1819ஆம் வருஷம் மே மாதத்தில், இராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ என்னும் கப்பலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கும்பினியார் ஆங்குக் குடியேற்றம் நிறுவிச் சில மாதங்களே ஆகியிருந்தன. முதலில் அவருக்குக் கிடைத்த உத்தியோகம், அரசாங்கப் பொக்கிஷத்தில் நாணயங்களைப் பரிசோதிப்பதாகும்.

புதிய ஊரில் வீடு கட்டுவோர் பெருகி வருதலை உற்றுநோக்கிய அவர், தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். அவ்வூரில் முதன்முதல் செங்கற்சூளை வைத்தவர் அவரே என்பர். பினாங்குக்கு எழுதிக் கொத்தரையும் தச்சரையும் ஜவுளி வியாபாரிகளையும் வரவழைத்துக் கட்டிட வேலைகளை ஒப்பந்தம் செய்து நடத்தினார். பின்னர்க் கிராஸ் தெருவில் ஜவுளிக்கடையும் திறந்தார்.

1822இல் நேர்ந்த தீவிபத்தில் கடை சரக்குகளோடு வெந்து சாம்பலாயிற்று, கடன்சுமையே எஞ்சியது. சொந்த நிலமும் சுற்றமும் இல்லாத ஊரில் கடன்பட்டவன் கப்பலேறி மறைதல் எளிது. பிள்ளையவர்களோ ஊரைவிட்டு அகன்றாரில்லை. இராபிள்ஸ் துரையை அணுகித் தம் நிலையை எடுத்துரைத்தார். துரையும் வர்த்தகச் சதுக்கத்தில் அவருக்கு இடமளித்தார். அவ்விடத்தே மீண்டும் கடை வைத்து, விரைவில் முன்னணி வர்த்தகருள் ஒருவரானார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியருக்குத் தலைவராக நியமிக்கப்பெற்று, அவர்தம் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பையும் ஏற்றார்.

தேடிய செல்வத்தைத் தமக்கென்றே வைத்துக்கொண்டாரல்லர். தெற்குப் பாலச் சாலையில் 1827இல் மரமும் கீற்றும் கொண்டு மாரியம்மனுக்கு ஆலயம் எடுப்பித்தார். புதிதாய் வந்திறங்கிய ஏழை மக்கள் வேலை கிடைக்கும்வரை அக்கோயிலிலே ஒதுங்கியிருந்தனர். அவ்வாலயம் 1973இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019இல், சிங்கப்பூர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு நினைவாக, ஆற்றங்கரையில் இராபிள்ஸ் துரையின் சிலையருகே பிள்ளையவர்களின் சிலையும் வைக்கப்பெற்றது.

அயலூரில் வணிகனுக்கு ஜாமீன் நிற்பது அவனது நாணயம் ஒன்றே. சூளையும் கடையும் பிறராலும் வைத்தல் கூடும். அனைத்தும் எரிந்த மறுநாள் அதே ஊரில் முகங்கொடுத்து நிற்றலே அரிது. வெளிநாடு செல்ல விழையும் நம் மக்கள் இதனை மறவாதிருப்பாராக.