குதிரைப் புழுவில் கண்ட அதிசயம்

குதிரையின் குடலிலே ஒரு புழு வாழ்கிறது. பார்த்தாலே அருவருப்பாக இருக்கும். அந்தப் புழுதான் ஒரு மேதைக்குப் புகழ் தேடித் தந்தது!

அவர் பெயர் தியோடர் போவரி. ஜெர்மனியில் பாம்பெர்க் நகரில் 1862-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி பிறந்தார். தகப்பனார் டாக்டர். தம்பி வால்டர், "பிரவுன் போவரி" மின்சார எந்திரக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். போவரி மியூனிக் நகரில் படிக்கப் போனது சரித்திரமும் தத்துவமும். மனம் மாறி, உயிர்களின் ஆராய்ச்சியில் இறங்கினார்.

வெட்டி எறிந்த துண்டு

மனிதனின் உயிரணுவில் குரோமோசோம்கள் 46. குதிரைப் புழுவில் ஒரு வகைக்கு, கருவுற்ற முட்டையிலே இரண்டே இரண்டுதான். எண்ணவும் எளிது, பின்தொடரவும் எளிது.

1887-ல் போவரி ஒரு விந்தையைக் கண்டார். முட்டை இரண்டு அணுக்களாகப் பிரிந்தது. அவை மறுபடி பிரியும்போது, ஓர் அணுவில் குரோமோசோம்களின் நுனிகள் கழன்று விழுந்து அழிந்தன. மற்ற அணுவில் ஒரு துணுக்குக்கூடக் குறையவில்லை!

நுனியை இழந்த அணுவின் சந்ததி உடல் உறுப்புகளாக ஆயிற்று. முழுச் சொத்தையும் காப்பாற்றிய அணுவின் வழியில்தான் வித்தணுக்கள் வந்தன. அடுத்த தலைமுறையைப் படைக்கும் விந்தும் முட்டையும் அவற்றிலிருந்தே உண்டாகின்றன.

கட்டளை இட்டது யார்?

'இதை வெட்டு, அதை விடு' என்று உத்தரவிட்டது யார்? குரோமோசோமேவா? அதைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசமா?

விடை காண இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முட்டைகளை எந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, உள்ளிருந்த சைட்டோபிளாசத்தை இடம் மாற்றினார்கள். சில முட்டைகளில் இரண்டு அணுக்களுக்கும் ஒரே மாதிரிப் பங்கு கிடைத்தது. இரண்டுமே குரோமோசோமை முழுதாக வைத்துக்கொண்டன! உத்தரவு சைட்டோபிளாசத்திலிருந்து வருகிறது என்று 1910-ல் போவரி நிலைநாட்டினார்.

இதே குடும்பத்துப் பன்றிப் புழுவில், வெட்டி எறியப்படும் ஜீன்களில் பல வித்தணுவுக்குத் தேவையானவை என்று 2012-ல் தெரியவந்தது. உடல் அணுவுக்கு வேண்டாத ஜீனை அது அடியோடு தொலைத்துவிடுகிறது! எலியும் மனிதனும் அவ்வளவு முரட்டுத்தனம் செய்வதில்லை. ஜீன் இருக்கும், வாய் மட்டும் கட்டப்படும். எலிக் கருவில் வித்தணு ஆகப்போகும் அணுவுக்குப் பக்கத்து அணுக்கள் சைகை அனுப்புகின்றன. உடனே 'பிளிம்ப்-1' என்ற புரதம் தோன்றி, உடல் உறுப்புக்கான ஜீன்களை அடக்கி வைக்கிறது.

வந்த பதவி, வராத உடல்நலம்

போவரியின் மனைவி மார்செல்லா அமெரிக்கப் பெண்மணி, அவரும் விஞ்ஞானி. 1897-ல் திருமணம். வூர்ஸ்பர்க் நகரில் இருவரும் சேர்ந்தே உழைத்தனர்.

1913-ல் பெர்லினில் அமையவிருந்த பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக அழைப்பு வந்தது. யாருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு! உடல்நலம் இடம் தரவில்லை, மறுத்துவிட்டார். மறு ஆண்டு, குரோமோசோம் கோளாறே புற்றுநோய்க்குக் காரணம் என்று ஒரு புத்தகம் எழுதினார்.

1915 அக்டோபர் 15-ந் தேதி போவரி காலமானார். 53 வயது நிரம்பி மூன்றே நாட்கள். புற்றுநோய்ப் புத்தகத்தை மார்செல்லா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929-ல் வெளியிட்டார்.