மூலங் கண்ட மேதை

யான் தமிழ்ப் பண்டிதன். கணிதம் கற்பிப்பவன் அல்லேன். ஆயினும், பம்பலப்பிட்டியில் யான் பணிபுரியும் பாடசாலையிலே கணித ஆசிரியர் வராத ஒரு நாள், பதினோராம் வகுப்பு மாணவரைப் பார்க்கும் பொறுப்பு என்பால் வந்தது. கரும்பலகையில் வர்க்கமூலச் சமன்பாடொன்று அழியாமல் நின்றது. அதனை எனக்கு விளக்கியவன், தமிழ்ப் பாடத்தில் என்னிடம் நாள்தோறும் கடுஞ்சொற் கேட்கும் மாணவன்.

ஓர் எண்ணோடு 3ஐக் கூட்டி வர்க்கமூலம் கண்டால், அவ்வெண்ணிலிருந்து 3ஐக் கழித்த தொகை வருகின்றது. எண் யாது என்பதே வினா. மூலக்குறியை நீக்க இருபுறமும் வர்க்கித்தால் 6, 1 என இரு விடைகள் தோன்றும். 6ஐ இட்டுப் பார்த்தால் இருபுறமும் 3. 1ஐ இட்டாலோ ஒருபுறம் 2, மறுபுறம் மறை 2. ஆகவே 1 போலி விடை. வர்க்கித்தல் நேர், மறை என்னும் வேற்றுமையை அழித்துவிடுதலால், கண்ட விடையை முதற் சமன்பாட்டில் இட்டுச் சோதித்தல் வேண்டும் என்றான் அவன். அப்போது என் நினைவில் எழுந்தவர் சீனிவாச இராமானுஜன். அன்று மாணவர்க்குச் சொன்ன அவர் சரிதத்தையே ஈண்டும் சொல்கின்றேன்.

1887 டிசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்திலே வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். நகர உயர்தரப் பாடசாலையிற் பயிலுங் காலத்தில், 1903இல், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டியது. ஆயிரக்கணக்கான முடிபுகளை, விரிந்த நிறுவல் இன்றி அடுக்கிய நூல் அது. அம்முடிபுகளைத் தாமே நிறுவ முனைந்த இளைஞர், ஏனைய பாடங்களை மறந்தார். 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரி புகுந்தவர், ஆங்கிலத்திலே தவறி அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே பயின்று எழுதிய பரீட்சையிலும் சித்தியெய்தினாரல்லர். கணிதத்தில் அவரை வெல்வார் இலர். எனினும் ஏனைய பாடங்கள் அவரைக் கைவிட்டன.

பட்டம் இன்மையால் உத்தியோகமும் இல்லை. காகிதம் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டிற் கணித்து, முழங்கையால் அழித்து, முடிபுகளை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதினார். 1910இல் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அக்குறிப்பேடுகளைக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் இதழிலே இராமானுஜன் ஒரு வினா விடுத்தார்.

அவ்வினா மூலக்குறிக்குள் மூலக்குறியாக முடிவின்றிச் செல்வது. 1ஓடு, 2ஆற் பெருக்கிய மற்றொரு மூலம், அதனுள்ளே 1ஓடு, 3ஆற் பெருக்கிய இன்னொரு மூலம், அதனுள் 4, இவ்வாறே மேலும். இதன் பெறுமானம் யாது? திங்கள் பல கடந்தும் விடை கூறுவார் இலர், அவரே கூறினார். விடை 3. 3 என்பது 9இன் மூலம்; 9 என்பது 1ஓடு, இரு தரம் 4. அந்த 4, 16இன் மூலம். 16 என்பது 1ஓடு, மும்முறை 5. அந்த 5, 25இன் மூலம். 25 என்பது 1ஓடு, நான்கு தரம் 6. பள்ளிச் சிறாரும் பின்தொடரத்தக்க வழி இது. ஆயினும் இவ்விரிவு மாத்திரம் முற்றிய நிறுவல் ஆகாது. பின்னங்களைக் கொண்டு 4ஐயும் இவ்வாறே விரித்தல் கூடும் ஆதலின், உள்ளே எஞ்சும் பகுதி யாதாகின்றது என்பதையும் காட்டல் வேண்டும்.

1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்திலே மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியிலே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதி அனுப்பினார். பட்டமில்லாதவர் என்று ஹார்டி அதனை ஒதுக்கினாரல்லர். நண்பர் லிட்டில்வுட்டுடன் இருந்து ஆராய்ந்து, மேதையை அறிந்தார். 1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருங்கப்பல் எங்கள் தீவைச் சுற்றியே செல்லல் வேண்டும். பம்பலப்பிட்டிக் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பயணம் என் நினைவிற்கு வரும்.

உள்ளுணர்வாற் கண்டதை நிறுவலாற் சோதிக்கும் முறையை அவர் ஹார்டியின் துணையுடன் பயின்றார். 1918இல் அரச கழக உறுப்பினரும் திரினிற்றிக் கல்லூரி உறுப்பினரும் ஆனார். ஆயின் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டிடையே நோய் அவரைப் பற்றியது. 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரில் 26ஆம் நாள், 32 வயதிலே மறைந்தார்.

சரிதம் கேட்ட அம்மாணவன் ஒன்றும் பேசிற்றிலன். தாய்மொழியிற் சித்தியெய்தாதார்க்கு உயர்தர வகுப்பின் வாயில் திறத்தல் அரிது. அவன் தேறான் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தவன் யானே. அத்தீர்ப்பை அவனிடத்தில் இட்டு யான் ஒருநாளும் சோதித்ததில்லை. அக்குறிப்பை அன்றே அடித்துவிட்டேன். புள்ளியை மாற்றவில்லை, அது மெய். இப்போது மாலைதோறும் அவன் என்னிடம் இலக்கணம் படிக்க வருகின்றான். சந்தி விதிகளைச் சமன்பாடுபோல எழுதிக் காட்டினால் விரைவில் விளங்கிக்கொள்கின்றான். முப்பதாண்டு கற்பித்தும் அவ்வழி எனக்குத் தோன்றியதில்லை.