சிறைக்குப் பின் சிதம்பரனார்

கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் வ.உ.சிதம்பரனாரைப் போற்றுகிறோம். இவ்விரு பட்டங்களுக்கும் உரிய நிகழ்ச்சிகள் 1906 முதல் 1912 வரையிலான ஆறாண்டுகளில் அடங்கிவிடுகின்றன. அவர் வாழ்ந்ததோ அறுபத்து நான்கு ஆண்டுகள். சிறையினின்று மீண்டபின் அவர் வாழ்ந்த இருபத்து நான்கு ஆண்டுகளை நம் மேடைகள் ஒரு பெருமூச்சோடு கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடந்து செல்லத்தக்க காலமன்று அது என்பது என் துணிபு.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், வழக்கறிஞர் உலகநாத பிள்ளையின் மகனாகப் பிறந்தார். தாமும் வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் வளமும் பெயரும் பெற்றார். 1906இல் பத்து இலட்சம் ரூபாய் முதலீட்டுத் திட்டத்துடன், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாயாகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அதனைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. தம்பியின் சித்தம் தெளியவில்லை.

கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறங் கற்பிக்க ‘மெய்யறம்’ இயற்றினார். நூற்றிருபத்தைந்து அதிகாரங்கள் கொண்ட அறநூலொன்று சிறைக்கூடத்தில், அதுவும் கைதிகளுக்காகப் பிறந்தது எனில், இலக்கிய வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் இன்னும் அளித்துவிடவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரை வரவேற்கத் திரண்ட கூட்டம் இல்லை. கம்பெனி முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. காலியாக் கப்பல் போட்டிக் கம்பெனியாகிய ஆங்கிலேயரிடமே விலைபோயிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

அந்நாட்களில் காந்தியடிகளோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து இங்கு எண்ணத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் சிதம்பரனாருக்கென அளித்த தொகை காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் வேண்டாவென மறுப்பதையே பெருந்தன்மையாக நாம் கருதுவோம். அவர் மறுக்கவில்லை, தம் இன்றைய நிலையில் அதனை ஏற்க மறுப்பது தவறாகும் என்ற கருத்தைத் தயக்கமின்றி எழுதினார். அத்தொகை 1916இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. வறுமையை மறைத்துக் காட்டுவதும் ஒருவகைப் பொய்யே என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஈகைக்குரிய பெருமை ஏற்பதற்கும் உண்டென்பதை அக்கடிதங்களைப் படிப்போர் உணர்வர்.

1920இல் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க இயலாமல் காங்கிரசினின்று விலகினார். பெருவெள்ளம்போல் நாடே ஒருபுறம் சென்ற வேளை அது. உடன் சென்றிருந்தால் இழந்த புகழை மீட்டிருக்கலாம். உடன்படாததை உடன்பட்டதாகக் காட்ட அவருக்கு வரவில்லை. பின்னர் 1927இல் சேலம் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார்.

வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. ஆங்கில ஆட்சியால் அனைத்தையும் இழந்தவர், தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயர் சூட்டினார். பகை ஆட்சியோடு, நன்றி மனிதனோடு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு அவரிடம் இருந்தது.

தமிழ்ப்பணி இத்தனைக்கும் இடையே நடந்தது. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் வெளியிட்டார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையை ஏடுகளினின்று ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். இப்பணியில் வையாபுரிப்பிள்ளையின் துணையும் கிடைத்தது. பதிப்பாசிரியர் உழைப்பை அறிந்தவர்களுக்கு ஒன்று விளங்கும்: ஒரு பாடவேறுபாட்டைத் தீர்மானிக்க அமைதியான மனம் வேண்டும். மாதந்தோறும் கடன்காரர்களை எதிர்கொண்ட ஒருவருக்கு அம்மனம் எங்ஙனம் வாய்த்தது என்பதே என் வியப்பு. 1935இல் சிவஞானபோதத்திற்கு அவர் எழுதிய உரை வந்தது.

கோவில்பட்டியில் வழக்கறிஞராகச் சிலகாலம் இருந்து, இறுதியில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18ஆம் நாள் அங்கே மறைந்தார். அதற்குச் சிலநாள் முன்பு எழுதிவைத்த உயிலில், ஜவுளிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் தரவேண்டியிருந்த சிறு தொகைகளை ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார்.