கணேச சங்கர வித்தியார்த்தி

1890இல் அலகாபாத்தில் பிறந்தார். வறுமையால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. ஆயினும் ‘வித்தியார்த்தி’, அதாவது மாணவன், என்பதையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1913இல் கான்பூரில் ‘பிரதாப்’ என்னும் இந்தி இதழைத் தொடங்கினார். ரேபரேலி உழவர்களின் துயரை வெளியிட்டுச் சிறை புகுந்தார். வீட்டை விட்டு வந்த பகத்சிங்குக்கு இதழில் வேலை தந்தார்.

1931 மார்ச் 23இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அதையொட்டிக் கான்பூரில் இந்து, முஸ்லிம் கலவரம் மூண்டது. வித்தியார்த்தி தெருவில் இறங்கினார். சிக்கிக்கொண்ட இரு சமயத்தாரையும் மீட்டுக் காப்பான இடங்களில் சேர்த்தார். மார்ச் 25இல் வெறிக்கூட்டம் அவரைக் கொன்றது. வயது 40.

தோழர்களே! அத்தகைய நாளொன்று வந்தால் நம் விடுதிக் கதவு யாருக்குத் திறக்கும்? அந்த மாணவர் நமக்கு விட்டுச்சென்ற தேர்வு இதுதான்.