வில்லியம் ஹாரா

வில்லியம் ஃபிஸ்க் ஹாரா (செப்டம்பர் 2, 1911 – ஜூன் 30, 1978) ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சூதாட்டக் கூடங்களையும் தங்குவிடுதிகளையும் நடத்திய தொழிலதிபர் ஆவார். ஏறத்தாழ 1,400 பழைய தானுந்துகளைச் சேர்த்து வைத்திருந்தார். அச்சேகரிப்பின் பெரும்பகுதி இவரது மறைவுக்குப் பின் ஏலத்தில் விற்கப்பட்டது.

வாழ்க்கை

ஹாரா கலிபோர்னியாவில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தையின் விளையாட்டுக் கூடத்தை ஏற்று நடத்தினார். சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்த நெவாடாவின் ரீனோ நகருக்கு 1937 இல் குடிபெயர்ந்தார். 1946 இல் அங்கு தமது பெயரிலேயே ஒரு கூடத்தைத் திறந்தார். 1955 இல் தாகோ ஏரிக்கரையிலும் தொழிலை விரிவுபடுத்தினார்.

தானுந்துச் சேகரிப்பு

1948 இல் பழைய மாக்சுவெல் தானுந்து ஒன்றை வாங்கினார். அதனை 1907 ஆம் ஆண்டு வண்டி என்று எண்ணிப் புதுப்பித்தார். உண்மையில் அது 1911 இல் செய்யப்பட்டது. இத்தவறே இவரை நல்ல சேகரிப்பாளர் ஆக்கியது எனலாம். அதன் பிறகு ஒவ்வொரு வண்டியின் ஆண்டு, பாகங்கள், வண்ணம் ஆகியவற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புதுப்பிக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்; இதற்கெனத் தனி ஆய்வு நூலகமும் அமைத்தார். ரீனோவை அடுத்த ஸ்பார்க்ஸ் நகரில் இருந்த சேகரிப்பு 1962 இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

நியூயார்க்கிலிருந்து பாரிசு வரை 1908 இல் நடந்த பந்தயத்தில் 169 நாட்களில் வென்ற தாமஸ் பிளையர் வண்டியை ஹாரா 1964 இல் பெற்றார். அது பந்தய வண்டிதானா என்ற ஐயம் இருந்தது. எனவே, அப்போது முதியவராக இருந்த பந்தய ஓட்டுநர் ஜார்ஜ் ஷூஸ்டரே வரவழைக்கப்பட்டார். வண்டியைப் பிரித்தபோது, பயண வழியில் தாம் செய்த பழுதுபார்ப்புகளின் அடையாளங்களைக் கண்டு அவர் அதனை உறுதிப்படுத்தினார். பின்னர் வண்டி, பந்தயத்தை முடித்தபோது இருந்த தோற்றத்திற்கே கொண்டுவரப்பட்டது.

பாடகர் ஜேம்ஸ் மெல்டன் சேர்த்த வண்டிகளை ஆர்கன்சா மாநிலத்தின் வின்த்ராப் ராக்பெல்லர் 1961 இல் வாங்கியிருந்தார். ராக்பெல்லர் 1973 இல் இறந்தார். அவருடைய சேகரிப்பை 1975 இல் ஹாரா வாங்கினார். இவ்வாறு பிறர் சேகரிப்புகள் கலைந்து தம்மிடம் வந்ததை நேரில் கண்டவர் இவர். இருப்பினும், தமது சேகரிப்பு கலையாமல் இருக்க உறுதியான ஏற்பாடு எதையும் செய்து வைக்கவில்லை.

விற்பனை

1978 இல் மின்னசோட்டா மாநிலத்தில் அறுவை சிகிச்சையின்போது ஹாரா காலமானார். 1980 இல் ஹாலிடே இன் நிறுவனம் இவரது தொழிலை வாங்கியபோது வண்டிகளும் அதனுடன் கைமாறின. சேகரிப்பை விற்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்ததும் நெவாடாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக 175 வண்டிகளும் ஆய்வு நூலகமும் ஹாராவின் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்கு நன்கொடையாக வழங்கப்பட்டன. மற்றவற்றுள் பெரும்பாலானவை 1984 முதல் 1986 வரை நடந்த ஏலங்களில் விற்கப்பட்டன.

மிகச் சிலவே தயாரிக்கப்பட்ட புகாட்டி ராயல் வண்டிகளுள் இரண்டு ஹாராவிடம் இருந்தன. அவற்றுள் ஒன்று 1986 ஏலத்தில் 65 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அக்காலத்தில் இது வியப்பூட்டும் தொகையாகும்.

நன்கொடையாகப் பெற்ற வண்டிகளைக் கொண்டு ரீனோவில் தேசியத் தானுந்து அருங்காட்சியகம் 1989 இல் திறக்கப்பட்டது. ஷூஸ்டர் அடையாளம் கண்ட தாமஸ் பிளையர் வண்டி விற்பனையிலிருந்து தப்பி இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.