வேர் தேடிய நண்பர்: நல்லூர் ஞானப்பிரகாச அடிகளார்

நண்பர் பலவகையினர். இன்ப துன்பங்களிற் பங்குகொள்வார் ஒருவகையினர். தாம் தேடிக் கண்ட அரும்பொருளைத் தம்மளவில் மறைத்து வையாது பிறர்க்கு அளித்து, எம் முன்னோர் யாவர் என்பதை எமக்கே காட்டித் தருவார் மற்றொரு வகையினர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு இவ்விரண்டாம் வகை நண்பராய் வாய்த்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

அடிகளார் 1875ஆம் ஆண்டு ஓகஸ்டு 30ஆந் திகதி மானிப்பாயிற் சைவக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிள்ளைப் பெயர் வைத்திலிங்கம். தந்தையார் இளமையிலேயே இறந்துபட, தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். அதன்பின் மைந்தரும் அச்சமயத்தைத் தழுவினார். ஆங்கிலமுங் கற்றுத் தேர்ந்து, புகையிரதப் பகுதியிற் சிலகாலம் எழுதுவினைஞராயிருந்தார். அரச உத்தியோகம் பெரும்பேறெனக் கருதப்பட்ட காலம் அது. அதனைத் துறந்து அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து, 1901ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். பின்னர் நல்லூரே அவர்தம் பணிக்களமாயிற்று. ஊர்ப்பெயரும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஊரூராய்ச் சென்று மக்களோடு பழகிய அடிகளாருக்கு அவர்தம் குடிவழியை ஆராய்வதிற் பெருவிருப்பு உண்டாயிற்று. குடும்பங்களின் வமிசாவளிகளைத் தேடித் தொகுத்தார். எம்மவரிடத்துக் குலமுறை கிளத்துதல் புதிதன்று. ஆயின் பெரும்பாலும் அது மணம்பேசும் இடத்திலும், வழக்குரைக்கும் மன்றிலும், பெருமை நாட்டும் சபையிலுமே நிகழ்வது. பெருமைக்காக வரையப்படும் கொடிவழியில் விரும்பாத கிளைகள் தறிக்கப்படும். விரும்பிய அரசரொருவர் அடிமரமாக நடப்படுவார். உண்மை வழியை அறிய விழைவோன் காணி உறுதியையும், ஒல்லாந்தர் காலத் தோம்பையும், கோயிற் பதிவேட்டையும், முதியோர் வாய்மொழியையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கல் வேண்டும். ஒப்புநோக்கி உண்மை காணும் இந்நெறியை அடிகளார் எத்துணை நேர்மையோடு கையாண்டார் என்பதற்கு அவர் அரசர் பரம்பரையை ஆராய்ந்த முறையே சான்று.

ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை எம்மவர்க்கு நெடுங்காலம் வரலாற்று நூலாக விளங்கியது. அதன்கண் சங்கிலி என்னும் அரசன் ஒருவனே காணப்படுகிறான். மன்னாரிற் கத்தோலிக்கரைக் கொல்வித்தவனும் அவனே. போர்த்துக்கேயரிடம் இறுதியில் அரசிழந்தவனும் அவனே. மன்னார்க் கொலை நிகழ்ந்தது 1544இல். அரசு வீழ்ந்தது 1619இல். இடைப்பட்டன 75 ஆண்டுகள். ஒருவனே இரண்டுக்கும் உரியனாதல் எங்ஙனம்?

போர்த்துக்கேயர் எழுதிவைத்த செய்திகளை அடிகளார் ஆராய்ந்தார். சங்கிலி என்னும் பெயருடையார் இருவர் என்பதும், அவ்விருவர்க்கும் இடையில் எதிர்மன்னசிங்கன் முதலாய அரசர் ஆண்டனர் என்பதும் அவற்றால் விளங்கின. 1920இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண அரசர் பற்றிய நூலும், 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் இவ்வாராய்ச்சியின் பயன்களாம்.

இதனை நான் மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் ஒன்றை வற்புறுத்துவேன். முன்னோன் செய்த கொலைப்பழி பெயரொற்றுமையாற் பின்னோன் தலைமேல் ஏறியிருந்தது. அப்பழியை இறக்கிவைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. தம் சமயத்தவரின் குருதி சிந்திய நிகழ்ச்சியாயிருந்தும், உரியவனுக்கே அதனை உரித்தாக்கினார். நான் சைவன். அடிகளார் எம் சமயத்தை மறுத்து எழுதியவற்றை என்னால் ஏற்க இயலாது. எனினும் அவர்தம் வரலாற்று நேர்மைக்குத் தலைவணங்குகின்றேன். ஊர்ப்பெயர்களிற் சிலவற்றுக்குச் சிங்கள மூலங் காட்டியபோது பலர்க்கு அது கசந்தது. பண்டைய யாழ்ப்பாணம் பற்றி எழுதிய முதலியார் இராசநாயகத்துக்கும் அவருக்கும் அரசர் குடிமூலம் பற்றிக் கருத்துவேற்றுமை உண்டு. தாங் கண்டதைக் கண்டவாறே உரைத்தல் அவர் இயல்பு.

குடிகளின் வேரைத் தேடியவர் சொற்களின் வேரையும் தேடினார். மொழிகள் எழுபதுக்கு மேல் அறிந்தவர் அவர் என்பர். ஒரு சொல் எவ்வடியிற் பிறந்தது, அதன் உடன்பிறப்புக்கள் எவை, பிறமொழியில் வாழும் சுற்றம் எது என்று வினவுதல் குலமுறை ஆராய்ச்சியையே ஒக்கும். 1932இல் தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சி என்னும் நூலை வெளியிட்டார். 1938 முதலாகச் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளிப்படுத்தலானார். அப்பெருமுயற்சி முற்றுப்பெறுமுன், 1947ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்ட பணியைத் தொடர்ந்தவர் தாவீது அடிகள். அவர் முடிவு நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. எரிந்த நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர்துறந்தார். ஏடுகள் அழியின் பரம்பரையும் அழியும் என்பதை எம் தலைமுறை கண்ணாரக் கண்டது.

இன்று பிறநாடுகளிற் பிறந்து வளரும் எம் பிள்ளைகள் தம் பாட்டன் பூட்டன் பெயர்களைக் கேட்டு இங்குள்ள உறவினர்க்கு எழுதுகின்றனர். விடைகூறும் முதியோரோ நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். போரில் உறுதிகளும் சாதக ஓலைகளும் தொலைந்த வீடுகள் எண்ணில. ஆதலின் மாணவரே, உங்கள் பாட்டியார் அறிந்த பெயர்களை இப்பொழுதே கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதனை அறிவித்தவர் யாவர் என்பதையும் குறியுங்கள். விரும்பாத பெயரையும் விலக்காது எழுதுங்கள்.